ஆத்து மீனா, கடல் மீனா? மாசுபட்ட நீரின் மீனைப் பற்றி மக்களுக்கு எப்படிச் சொல்வது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகு வடசென்னையில் மீன் வாங்கப் போனவர்கள் வாயில் ஒரே கேள்விதான் இருந்தது. "ஆத்து மீனா, கடல் மீனா?" கூடை வைத்திருக்கும் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்: "காசிமேட்டுக் கடல் மீனும்மா. ஆத்து மீன இப்ப யாரு விக்கிறா?" கேட்டவர் ஒரு மடவையை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாகத்தான் இருக்கும். மூக்கருகே கொண்டுபோவார், விரலால் வயிற்றை அழுத்துவார். அப்புறம் வாங்குவார், அல்லது பேசாமல் கோழிக்கடைப் பக்கம் நடப்பார்.

செவுள் சிவப்பாக இருந்தால் மீன் புதுசு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்த மீன் நீந்திய தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்பதைச் செவுள் சொல்லாது.

கேள்வி கேட்டவர்கள் மேல் தப்பே இல்லை. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம்வரை கறுப்பாகப் பரவியிருந்தது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் படகின் விலாவில், வலையில், அலையாத்தி வேரில் எல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே கேள்விதான். அப்போது கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. விபத்து இல்லாத நாட்களிலும் அனல்மின் நிலையச் சாம்பலும் சூடான தண்ணீரும் தொழிற்சாலைக் கழிவும் இந்த ஆற்றுக்கு வந்துகொண்டே இருந்திருக்கின்றன. சேற்றில் கன உலோகங்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன.

ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் கூடைக்கார அக்கா கிடையாது. எந்தத் தண்ணீரின் எந்த மீனை யார் எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லும் கடமை, ஆய்வுக்கூடமும் அதிகாரமும் வைத்திருப்பவர்களுடையது. அதை எப்படிச் சொல்வது என்பதில் உலகம் நாலைந்து வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. சில வழிகளுக்கு மனித உயிர் விலையாகப் போயிருக்கிறது. எண்ணூரை மனதில் வைத்து அவற்றை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கிறேன். ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது இதுதான்: எச்சரிக்கையைக் கேட்டு வீட்டுக்குப் போகிற பெண், நாளைக்கு என்ன சமைப்பது என்று தெரிந்துகொண்டு போகிறாளா?

விஷத்துக்கு விஷம் மாறும்

வழிகளுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "மாசு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மீனின் உடம்புக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் போய் உட்காருகிறது.

எண்ணெயில் இருக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களைத் துடுப்புள்ள மீன்களின் ஈரல் ஓரளவு சிதைத்து வெளியேற்றிவிடும். ஆளிக்கும் கிளிஞ்சலுக்கும் அந்தத் திறன் மிகக் குறைவு. அவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை, வந்ததைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் எண்ணெய் கசிந்த பிறகு மடவை தேறிவரும் காலமும் ஆளி தேறிவரும் காலமும் ஒன்றாக இருக்காது. பாதரசம் வேறு மாதிரி. அது மெத்தில் பாதரசமாக மாறி மீனின் சதையிலேயே கட்டிக்கொள்கிறது. சின்ன மீனைத் தின்ற பெரிய மீனில் கூடும், அதைத் தின்ற இன்னும் பெரிய மீனில் இன்னும் கூடும். பிசிபி என்ற ஆலை இரசாயனம், டிடிடி என்ற பூச்சிமருந்து போன்றவை கொழுப்பில் தங்குகின்றன. தோலையும் அடிவயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, சுடும்போது கொழுப்பை வடியவிட்டால் கொஞ்சம் குறையும். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேர்கிறது. நண்டு ஓட்டைப் பிரித்ததும் நாம் ஆசையாக வழித்துத் தின்னும் அந்த மஞ்சள் பகுதியிலும் அது சேர்கிறது.

நம் வீடுகளில் மீன் கழுவுவது ஒரு சடங்கு. கல்லுப்பு போட்டு மண்சட்டியில் உரசி, மஞ்சள் தடவி, மூன்று நான்கு தண்ணீர் ஊற்றி, கடைசித் தண்ணீர் தெளிவாக வரும்வரை அம்மா விடமாட்டார். கவிச்சி போகும், செதில் போகும், வழவழப்பு போகும். பாதரசம் போகாது. புளி கரைத்து ஊற்றினாலும் போகாது, கொதிக்கவிட்டாலும் போகாது. "நல்லா கழுவி, நல்லா வேகவெச்சு சாப்பிடுங்க" என்று சொல்வது கிருமிக்குச் சரியான அறிவுரை. உலோகத்துக்கு அது வெறும் ஆறுதல்தான், அதுவும் ஆபத்தான ஆறுதல்.

ஒன்றும் சொல்லாமல் இருப்பது

இதுவும் ஒரு வழிதான். பெரும்பாலான ஊர்களில் இதுதான் நடக்கிறது. "பீதி கிளப்ப வேண்டாம், மீனவர் பிழைப்பு கெட்டுவிடும்" என்று இதற்கு ஒரு நியாயமும் உண்டு. அந்த நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2017-லும் 2023-லும் எண்ணூர்ப் பேச்சு அடிபட்டதும் அதோடு சம்பந்தமே இல்லாத ஆழ்கடல் மீனுக்கும் விற்பனை படுத்தது.

ஆனால் இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா இருக்கிறது. அங்கே சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலையின் மருத்துவமனை, காரணம் தெரியாத நரம்பு நோயோடு குழந்தைகள் வருவதாக 1956 மே 1 அன்று சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. அதற்கு முன்பே ஊர்ப் பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்று செத்திருந்தன. சில மாதங்களிலேயே குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்களின் சந்தேகம் வளைகுடாவின் மீன் மேலும் சிப்பி மேலும் விழுந்தது. 1957-இல் மாகாண அரசு, உணவுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு அந்த மீனைத் தடுக்கலாமா என்று மத்திய சுகாதார அமைச்சகத்திடம் கேட்டது. வளைகுடாவில் உள்ள மீன் எல்லாவற்றிலும் விஷம் ஏறியிருக்கிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, ஆகவே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எல்லா மீனும் விஷமா என்று எந்தத் தாயும் கேட்கவில்லை. இன்றைக்கு என் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்பதுதான் அவளுடைய கேள்வி.

நடந்தது என்ன? நகரத்தார் அந்த மீனை வாங்குவதை நிறுத்தினார்கள். விற்காத மீன் மீனவர் வீட்டு அடுப்புக்குப் போனது. அரிசி வாங்கக் காசில்லாத வீட்டில் மீன்தான் சாப்பாடு. 1958 செப்டம்பரில் ஆலை தன் கழிவு வாயை வளைகுடாவிலிருந்து மினமாட்டா ஆற்று முகத்துவாரத்துக்கு மாற்றியது, நோய் ஷிரனுயி கடலோரத்தின் மற்ற ஊர்களுக்கும் பரவியது. நோய்க்குக் காரணம் ஆலையின் மெத்தில் பாதரசம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அதற்குள் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அதிகாரபூர்வமாக நோயாளிகள் என்று ஏற்கப்பட்டவர்கள் மட்டும் 2,200-க்கும் மேல். ஏற்கப்படாமல் போராடியவர்கள் இன்னும் பல ஆயிரம். அரசும் மாகாணமும் தடுக்கத் தவறியதற்குப் பொறுப்பு என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்புச் சொன்னது.

மௌனம் மீனவரைக் காப்பாற்றும் என்ற வாதம் அங்கேயே உடைந்துவிட்டது. எச்சரிக்கை இல்லாத இடத்தில் அதிகம் தின்றவர் மீனவர், அதிகம் செத்தவரும் மீனவர். இந்த வழியை நான் இதோடு விடுகிறேன்.

முழுத் தடை

தடை என்றால் என்னவென்று நம் கடற்கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அரசு நிவாரணம் வரும், போதவில்லை என்று சண்டையும் வரும். இருந்தும் அது நடக்கிறது. என்றைக்குத் தொடங்கும், என்றைக்கு முடியும், என்ன கிடைக்கும் என்ற மூன்றும் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிவதால்தான் நடக்கிறது.

விபத்துக்குத் தடையைவிடப் பொருத்தமான வழி இல்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, இரசாயனமும் பிளாஸ்டிக் குருணையும் கடலில் கொட்டியபோது, பாணந்துறையிலிருந்து நீர்கொழும்புவரை சுமார் 80 கிலோமீட்டர் கடற்கரையில் மீன்பிடிப்பை இலங்கை அரசு நிறுத்தியது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு. கடலில் என்ன கலந்தது என்றே தெரியாதபோது "இதைச் சாப்பிடலாம், அதைக் கூடாது" என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2023 எண்ணூரில் எண்ணெயே தடை போட்டுவிட்டது. வலை கறுத்துப்போனால் யார் ஆற்றில் இறங்குவார்கள்? பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும் படகைச் சரிசெய்ய 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. அந்தத் தொகை எத்தனை வாரம் தாங்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். யாருக்கெல்லாம் கைக்கு வரவில்லை என்பதுதான் என்னை உறுத்துவது. கொசஸ்தலை ஆற்றில் படகும் வலையும் இல்லாமல் கையாலேயே இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் இருளர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றை விரலால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பனையோலைப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். எண்ணெய் மிதக்கும் தண்ணீர் அவர்கள் வாய்க்கு ஒரு சாண் கீழே. படகுக் கணக்கையும் சங்கக் கணக்கையும் வைத்துப் போடும் எந்தத் தடையிலும் எந்த நிவாரணத்திலும் இவர்கள் பெயர் சுலபமாக விடுபட்டுப்போகும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. தினசரி மாசுக்கு முடிவுத் தேதி கிடையாது. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் இரண்டு ஆலைகள் முப்பது ஆண்டுகள் பிசிபி கலந்தன. மேல் ஹட்சனில் 1976-இல் மீன்பிடிக்கத் தடை வந்தது. 1995-இல்தான் "பிடிக்கலாம், ஆனால் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்" என்று தளர்த்தினார்கள். மினமாட்டா வளைகுடாவில் மீன் வெளியே போகாதபடி 1974-இல் கட்டிய வலையை 1997-இல் எடுத்தார்கள். ஒரு தலைமுறை தொழில் மறந்துபோகும் காலம் அது. கனடாவின் கிராஸி நாரோஸ் என்ற பழங்குடி ஊரில் காகித ஆலைப் பாதரசம் ஆற்றில் கலந்ததால் 1970-இல் வணிக மீன்பிடிப்பை மூடினார்கள். அந்தப் பழங்குடி மக்களுக்கு உணவும் போனது, வேலையும் போனது, பாதரசம் மட்டும் போகவில்லை. எண்ணூர் ஆற்றை இருபது வருடம் மூடி வைத்தால் அங்கே கடைசியில் மீனவர் இருக்கமாட்டார்கள், ஆலைகள் மட்டும்தான் இருக்கும். ஆற்றுக்காகப் பேச ஆளே இல்லாமல் போகும். தினசரி மாசுக்குத் தடையை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

பலகை

"இந்நீரில் பிடிக்கும் மீனை உண்ணாதீர்" என்று கரையில் ஒரு பலகை. செலவு குறைவு, ஒரே நாளில் நட்டுவிடலாம், படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிடலாம். அமெரிக்காவில் ஏரிக்கரை, ஆற்றங்கரை எங்கும் இருக்கிறது. அங்கே அதற்கு ஒரு தர்க்கமும் உண்டு. தூண்டில் போடுபவர்தான் பெரும்பாலும் தின்பவர், பலகை அவர் கண்ணில் படும். அப்படி இருந்தும் ஹட்சன் கரையில் மீனை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் ஏராளம்.

எண்ணூரில் பிடிப்பவர் ஒருவர், ஏலம் எடுப்பவர் ஒருவர், கூடையில் விற்பவர் ஒருவர், பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ குழம்பு வைப்பவர் வேறொருவர். ஆற்றங்கரைப் பலகையைத் தின்பவர் தன் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. பார்ப்பவர் பிடிப்பவர் மட்டும், அவருக்கோ பலகை சொல்லும் விஷயம் முன்பே தெரியும். தண்ணீரில் கால் வைத்தால் அரிப்பதே அவருக்குப் பலகை. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு வரும் இளைஞர்களுக்காக வேண்டுமானால் முகத்துவாரத்தில் படம் போட்ட பலகை வைக்கலாம். அதற்கு மேல் இதில் எதிர்பார்க்க எனக்கு ஒன்றுமில்லை.

சந்தையில் சோதித்துச் சீட்டு ஒட்டுவதையும் சிலர் சொல்கிறார்கள். விடிகாலை ஏலத்தில் கலந்த மீன் மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். உலோகச் சோதனை முடிவு வரும்போது அந்தக் குழம்புச் சட்டியே காய்ந்து கவிழ்ந்திருக்கும். சோதிக்க வேண்டியது ஆற்றை, அதன் மீன்களை, மாதாமாதம். கூடையை அல்ல.

மீன்பட்டியல்

எந்த மீன் சாப்பிடலாம், எது எப்போதாவது, எது வேண்டவே வேண்டாம் என்று பெயர் பெயராகச் சொல்வது. யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்வது. அறிவியல்படி பார்த்தால் இதுதான் நேர்மையான வழி. விஷத்துக்கு விஷம் இடம் மாறுகிறது என்று மேலே சொன்னதையெல்லாம் தாங்கிக்கொள்ளும் வடிவம் இது ஒன்றுதான்.

அமெரிக்கா இதில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. 2001-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன், கிங் மேக்கரல் உள்ளிட்ட நான்கு மீன்களைத் தவிர்க்கச் சொன்னது. மாசசூசெட்ஸில் கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்து பார்த்தால், அவர்கள் பட்டியலில் இல்லாத மீன்களையும் சேர்த்தே குறைத்திருந்தார்கள். "வேண்டாம்" என்ற சொல் காதில் விழுந்த வேகத்தில் மீன் என்ற பொருளே சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளைக்குத் தேவையான ஒமேகா கொழுப்பு நிறைந்த மீனும் தட்டிலிருந்து போனது. பிறகு 2017-இல் சுமார் 60 மீன்களை மூன்று அடுக்காகப் பிரித்து, நல்லவற்றை முதலில் போட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இவற்றைச் சாப்பிடுங்கள் என்று தொடங்கும் அட்டவணை வந்தது. வேண்டாதவை கடைசியில். வரிசையை மாற்றியது சின்ன விஷயமாகத் தெரியலாம். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் அத்தனையிலும் அதுதான் பெரிய பாடம்.

ஆனால் அந்த அட்டவணையை மொழிபெயர்த்து எண்ணூரில் ஒட்டினால் பிரயோசனமில்லை. என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அம்மா செய்த முதல் வேலை பால் சுறா தேடிப் போனதுதான். சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, மேல்தோலை விரலால் உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் தாளித்துப் புட்டாகக் கிளறுவார். பால் ஊறும் என்பது நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றவளுக்கு அன்பைக் காட்டும் விதம் அது. அமெரிக்க அட்டவணையிலோ சுறா முற்றாகத் தவிர்க்க வேண்டிய மீன். "சுறா ஆபத்து" என்று மொட்டையாக அச்சிட்டு அம்மா கையில் கொடுத்தால் கிழித்துப் போட்டுவிடுவார், நியாயமாகவே. நம் ஊர்ப் பட்டியல் அவரிடம் வேறு மாதிரி பேச வேண்டும். சுறா பெரிதாக ஆக, வயது கூடக் கூடப் பாதரசம் ஏறும். பெரிய சுறாத் துண்டு பிள்ளை பெற்றவளுக்கு வேண்டவே வேண்டாம். புட்டு செய்தே தீர வேண்டுமென்றால் சின்னக் குட்டியாக, எப்போதாவது ஒரு முறை. மற்ற நாட்களில் நெத்திலி, மத்தி, காரப்பொடி. இவை சின்ன மீன்கள், ஆயுசு குறைவு, விஷம் சேர நேரமில்லை, விலையும் கைக்கு எட்டும்.

ஊர்ப் பட்டியலில் மீனின் பெயரோடு இடத்தின் பெயரும் வேண்டும். கடலில் பிடித்த கிழங்கானும் ஆற்றில் பிடித்த கிழங்கானும் ஒன்றல்ல. ஆளி, கிளிஞ்சல், நண்டு இவற்றுக்குத் தனி வரி. நண்டின் மஞ்சளுக்குத் தனி வரி. எங்கள் பக்கத்துக் குழந்தைகளின் கைக்கு முதலில் போவது அதுதான் என்பதால் சொல்கிறேன். இதற்கெல்லாம் அடிப்படையாக மாதாமாதம் சோதனை நடக்க வேண்டும், முடிவு எல்லாரும் பார்க்கும்படி வர வேண்டும். பட்டியல் வழியின் செலவு அங்கேதான். கொசஸ்தலையை மாசுபடுத்துபவர்களிடமிருந்தே அந்தச் செலவை வசூலிக்கலாம், அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆள் சொல்வது

சரி, பட்டியல் தயார். அதை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

லாஸ் ஏஞ்சல்ஸ் கடலோரத்தில் பாலோஸ் வெர்டஸ் என்ற இடம். பழைய பூச்சிமருந்து ஆலையின் டிடிடி கழிவு அங்கே கடலடிச் சேற்றில் படிந்து கிடக்கிறது. அந்தச் சேற்றை ஒட்டியே மேயும் ஒரு மீனில், நம் பன்னா குடும்பத்தைச் சேர்ந்ததில், விஷம் அதிகம். அதை வணிகத்துக்குப் பிடிக்க 1990-இல் தடை வந்தது. ஆனால் கடல்பாலங்களில் தூண்டில் போட்டுப் பிடித்துத் தின்பவர்களில் பலர் வியட்நாம், சீனா, பிலிப்பைன்ஸ் என்று வெளியிலிருந்து வந்தவர்கள், ஆங்கிலப் பலகை அவர்களுக்குப் பேசவில்லை. அதனால் ஆட்களைப் பாலத்துக்கே அனுப்பினார்கள். வாளியை எட்டிப் பார்த்து, மீனின் படம் போட்ட அட்டையைக் காட்டி, அவரவர் மொழியில் "இதை விட்டுவிடுங்கள், அதை எடுத்துப்போங்கள்" என்று சொன்னார்கள். கோயில், தேவாலயம், சமூகக் கூடம் என்று போய்ச் சொன்னார்கள். சந்தைகளையும் சோதித்தார்கள்.

எண்ணூருக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. ஒருத்தர் நகரச் சுகாதாரச் செவிலியர். கர்ப்பம் என்று தெரிந்ததும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்குகிறோம், மாதாமாதம் எடை பார்க்கிறோம், இரத்தம் பார்க்கிறோம், சத்துமாவு வாங்குகிறோம். பாதரசத்தாலும் ஈயத்தாலும் முதலில் பாதிக்கப்படுவது வயிற்றுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் தாய் ஒன்பது மாதமும் எதிரில் வந்து உட்காரும் ஒரே ஆள் அந்தச் செவிலியர் அக்காதான். இரும்புச்சத்து மாத்திரையோடு மீன் அட்டையையும் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

இன்னொருத்தர் நான் தொடக்கத்தில் சொன்ன கூடைக்கார அக்கா. தன் சரக்கைத் தானே குறை சொல்வாளா என்று கேட்கலாம். வேறு சரக்கு வைத்திருந்தால் சொல்வாள். எண்ணெய் வந்த வாரமே விற்பனைப் பெண்கள் பலர் காசிமேட்டுக்குப் போய்க் கொள்முதல் செய்தார்கள், கூடுதல் ஆட்டோ செலவைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு. அந்த ஆட்டோ செலவை அரசு ஏற்கட்டும். எந்த மீன் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு ஏலக்கூடத்திலிருந்து அவளுக்கு வரட்டும். முப்பது வருடமாக அவளிடம் வாங்குகிறவர்களுக்கு எந்த அதிகாரி அறிக்கையைவிடவும் அவள் சொல்தான் பெரிசு.

இந்த வழியின் குறை எனக்குத் தெரியும். மெதுவாகப் பரவும், ஆள் மாறினால் சொல் மாறும், பயிற்சி தராமல் அனுப்பினால் வதந்தியாகத் திரியும். அதனால்தான் அட்டை கையில் இருக்க வேண்டும் என்கிறேன். வாய் மட்டும் போதாது.

முடிவாக எதைத் தேர்வு செய்வேன்

எண்ணெய் கசிவு, கப்பல் விபத்து, ஆலையிலிருந்து திடீர்க் கழிவு என்றால் முதல் நாளே தடை. அந்த அறிவிப்பிலேயே மறு சோதனை எந்தத் தேதியில், எத்தனை ரூபாய், யாருக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். கையால் இறால் பிடிப்பவர்களின் பெயர்ப் பட்டியலைக் கசிவுக்குக் காத்திராமல் இப்போதே எடுத்து வைக்க வேண்டும். தடையை நீக்கும்போதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் திறக்கக் கூடாது. துடுப்பு மீன் முதலில், நண்டும் இறாலும் பிறகு, ஆளியும் கிளிஞ்சலும் கடைசியில், ஒவ்வொன்றும் சோதனை முடிவு கையில் வந்த பிறகு.

மற்ற நாட்களுக்கு ஊர்ப்பெயரும் மீன்பெயரும் போட்ட பட்டியல், செவிலியர் கையிலும் விற்பவர் கையிலும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் செவிலியருக்குக் கொடுப்பேன், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகும் சேதத்தைத் திருத்த வழியே இல்லை என்பதால். பலகைக்கு வைத்திருக்கும் பணத்தையும் எடுத்து ஆற்று மீன் சோதனைக்குப் போடுவேன். முடிவுகளை ஒவ்வொரு மாதமும் ரேஷன் கடைச் சுவரிலும் மீன் அங்காடி வாசலிலும், பெரிய எழுத்தில், "சாப்பிடலாம்" என்ற வரியிலிருந்து தொடங்கி ஒட்டுவேன்.

அது நடக்கும்வரை இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. முகத்துவாரத்துக்கு உள்ளே எடுத்த ஆளியும் கிளிஞ்சலும் வாங்காதீர்கள். நண்டு வாங்கினால் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீரில் எண்ணெய் படலம் தெரிகிற வாரத்தில் ஆற்று மீன் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் மீனை எத்தனை முறை கழுவினாலும் சட்டியில் போடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுப்பவளோ இருந்தால் பெரிய சுறாத் துண்டைத் தவிர்த்து, கடலில் பிடித்த நெத்திலியோ மத்தியோ வாரம் இரண்டு தடவை வாங்குங்கள். மீனை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். கூடைக்கார அக்காவிடம் எங்கே பிடித்தது என்று தினமும் கேளுங்கள். தினமும் பத்துப் பேர் கேட்டால் அவள் ஏலக்காரரிடம் கேட்பாள்.